நாலாம் இடத்துத் தண்ணீர்

ஆகஸ்ட் 5, செவ்வாய்
மேற்கிலிருந்து கச்சான் காற்று, ஒரே வெக்கை. காலை ஏழுக்கே வியர்வை. வாவியில் நான்கு இடங்களில் தண்ணீர் எடுத்தாயிற்று. நாலாவது, புது ஹோட்டலின் கழிவுக்குழாய் விழும் இடம். அப்பா வலை வீசுவதும் அங்கேதான். பஸ்ஸில் கண்டக்டர்: "ஐஸ் பெட்டியில என்ன மீன் தங்கச்சி?"
"தண்ணி."
"தண்ணிக்கும் ஐஸா!" பஸ் முழுக்கச் சிரிப்பு.
பகல், பல்கலைக்கழக ஆய்வுகூடம். நான்கு கிருமி வளர்ப்புத் தட்டுகளில் ஊற்றினேன். ஐந்தாவதில் கிருமி நீக்கிய தண்ணீர், என் கை சுத்தமா என்று பார்க்க. பேராசிரியர் முதலாம் வருடத்தில் பழக்கியது.
வாங்க: மார்க்கர் பேனை, அப்பாவின் காலுக்குச் சொறி மருந்து.

ஆகஸ்ட் 6, புதன்
மூன்று இடங்களின் புள்ளிகளை விரல்விட்டு எண்ணலாம். நாலாவது தட்டு முழுக்க இளஞ்சிவப்புப் புள்ளி. மலத்துக் கிருமி.
பேராசிரியர் பார்த்தார். நான் செய்முறை காட்டும் இரண்டாம் வருடப் பிள்ளைகள் முன்னால்: "கை கழுவினீங்களா பிள்ளை? வீட்டில மீன் வெட்டின கையோட வந்திருப்பீங்க." சிரித்தார்கள். "நாலாம் இடத்த அறிக்கையில விட்டிருங்க. தட்டுகள அவிச்சுக் கொட்டுங்க."
ஐந்தாவது தட்டு என் கையில்தான் இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. காட்ட வேண்டியதுதானே? "ஓம் சேர்" என்றேன். ஓம் சேராம்! எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி வாயில் வந்தது அவ்வளவுதான்.
அறிக்கை கேட்டது மீனவர் சங்கம். நாலாம் இடத்தை விட்டால் தண்ணீர் நல்லது என்றாகிவிடும்.
அப்பா, காலைச் சொறிந்தபடி: "மறுகா என்னவாம் மகள், நம்மட தண்ணி?"
"இன்னும் பாக்கல்ல அப்பா." பொய்.

ஆகஸ்ட் 7, வியாழன்
தூக்கமில்லை. விடிய மறுபடியும் நாலாம் இடம்.
செய்முறை வகுப்பில் கேட்டேன்: "சேர், ஊத்துறத நீங்களே பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்களன்." சந்தோஷமாகக் கை கழுவினார், முழங்கை வரை, விளக்கத்தோடு. வாவித் தண்ணீர் ஒரு தட்டு, கிருமி நீக்கியது ஒரு தட்டு. ஊற்றியவர் தட்டின் அடியில் கையெழுத்து வைப்பது வழக்கம். மார்க்கரை நான்தான் நீட்டினேன். எந்த இடம் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி
ஒரு தட்டு சுத்தம். மற்றது முழுக்க இளஞ்சிவப்பு.
பின்வரிசையிலிருந்து காத்தான்குடிப் பிள்ளை ஒருத்தி, மெதுவாக: "சேர் கை கழுவினவர்தானே மிஸ்?"
இன்று ஒருவரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் தட்டைத் திருப்பித் தன் கையெழுத்தைப் பார்த்தார்.
"எந்த இடம்?"
"நாலு, சேர்."
போய்விட்டார். மன்னிப்பு? ஒரு சொல் இல்லை.
நாலாம் இடத்தை அறிக்கையில் சேர்த்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை.
பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன், அங்கே இறங்க வேண்டாம் என்று. வலையை உதறிக்கொண்டே கேட்டார்: "அப்ப எங்க இறங்குற மகள்?"