இடதுகை முடிச்சு

சிஞ்ச்வட், புனே
14-6-2003

சௌபாக்கியவதி சரசாவுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

பேத்தி பார்கவி பன்னிரண்டாவதில் கணக்கில் தொண்ணூற்றெட்டு. பேரன்களில் சின்னவன் மனோஜ் மராட்டிப் பேச்சுப் போட்டியில் மராட்டிப் பிள்ளைகளையே தோற்கடித்தான். பெரியவன் ஹரீஷ் நம் ஒர்க்‌ஷாப்பில் டிபன் டப்பா அளவுக்கு ஒரு மோட்டார் பண்ணினான். அது சுற்றாது, நேராக ஓடும். கீழே காந்தப் பட்டை, மேலே செப்புக் கம்பிச் சுருள். திருகு, பெல்ட் ஒன்றும் இல்லாமல் இரும்பு சீவுகிற சின்ன மில்லிங் மெஷினின் மேசை வழுக்கிக்கொண்டு போகிறது. கம்பி உதறாமலிருக்கப் பச்சை நூலால் கட்டியது யார்? ஐந்தாம் வகுப்போடு நின்ற நான்தான்!

கண் பட்டுவிட்டது. சுருள் எரிந்துபோனதாம். கருகியதைப் பழைய இரும்பு வாங்குகிற பங்கார்வாலாவிடம் போட்டுவிட்டேன் என்று உன் பிள்ளை சேஷுதான் வந்து சொன்னான். "கரண்ட்டை அணைக்காம வந்துட்டியேடா" என்று என் பிள்ளை அனந்தராமன், பெற்ற மகன் ஹரீஷ் மேல் கையை ஓங்கிவிட்டான். அந்த வேலையே நின்றுபோச்சு.

சேஷு பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததும் என் பெருமைதான். ஐந்து வருஷம் நம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகி, என் கையால் சாப்பிட்டவன் ஆச்சே.

உன் அக்கா,
வேதநாயகி

கோயம்புத்தூர்
2-2-2004

அக்காவுக்கு நமஸ்காரம்.

சேஷு ஒரு மோட்டார் கண்டுபிடித்திருக்கிறான்! கண்காட்சிப் புத்தகத்தில், அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற படம் வந்திருக்கிறது. ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். ஹரீஷிடமும் காட்டு.

உன் தங்கை,
சரசா

சிஞ்ச்வட்
11-2-2004

சரசா,

ஹரீஷிடம் காட்டினேன். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான்.

அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பச்சை நூல். பூத்தொடுக்கிற முடிச்சு, அதுவும் எதிர்ப்பக்கமாக விழுந்திருக்கிறது. நான் இடதுகைக்காரி. "இந்தக் கோணல் சரத்தை எந்த சாமிடி வாங்கிக்கும்?" என்று அம்மா கத்துவாளே, நீ விழுந்து விழுந்து சிரிப்பாயே.

எரிந்துபோனது சேஷு கைக்கு எப்படி வந்தது? கேட்டு எழுது. ஹரீஷ் மேல் தப்பில்லை என்று அனந்தராமனுக்கு அவன் ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா

கோயம்புத்தூர்
25-2-2004

அக்கா,

நூல் கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கட்டுவார்கள். உனக்கும் கண் பழையபடி இல்லை. சேஷுவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாலு பேரிடம் இதைச் சொல்லிவைக்காதே.

சரசா

சிஞ்ச்வட்
8-3-2004

சரசா,

நாலு பேரிடம் சொல்லவில்லை. உன் கடிதத்தை அனந்தராமனிடம் மட்டும் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான். பிறகு ஹரீஷ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வந்தபோது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. எனக்கு அது போதும். இனி உன் பிள்ளை எழுத வேண்டாம்.

சேஷு திருடினான், சின்னப் பையன். நீ ஏன் சரசா? அது யார் முடிச்சு என்று உலகத்தில் தெரிந்தவள் நீ ஒருத்திதானே மிச்சம்.

கூடத்தில் மாட்டியிருந்த நம் குடும்பப் போட்டோவை ஹரீஷ் கழற்றிவிட்டான். அதில் சேஷு உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறான். கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் கையை வெட்டினால் உன் தோளும் சேர்ந்து போகிறது. நீ மட்டும் தனியாக இருக்கிற புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு.

வேதநாயகி