தக்கை வைத்த இடக்கால் சப்பாத்து

என் ஆசை அத்தான்,

உங்கள் அடக்க ஆராதனையில் நான் சிரித்துவிட்டேன். துக்கத்தில் குலுங்குகிறேன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர்கள் முதுகைத் தடவினார்கள். நானோ உங்கள் பெட்டியைத் தூக்கி வந்தவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "முன்னுக்கு வாறவருக்கு வலது முழங்கால் சரியில்லை" என்று பெட்டிக்குள் இருந்து நீங்கள் சொல்வதுபோலவே இருந்தது. நான் என்ன செய்ய?

ஆட்களை முகத்தால் அல்ல, நடையால் அறிந்தவர் நீங்கள். அக்காவைப் பெண்பார்க்க வந்த அன்றும், தேத்தண்ணி கொண்டுவந்த அவவை விட்டுவிட்டு, பலகாரத் தட்டோடு வந்த என் காலைத்தானே பார்த்தீர்கள்? "தங்கச்சி சின்னனில விழுந்தவவோ?" எங்கள் வீட்டில் நீங்கள் கதைத்த முதல் கதை அதுதான். அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு மெல்பனில் பெரிய எலும்பு டொக்டரானீர்கள். விக்டோரியா மாநிலத்தில் குதிரையால் விழுந்தவர்கள், பந்தடித்து முழங்காலை முறித்தவர்கள் எல்லாரும் உங்கள் கைபட்டு எழும்பி நடந்தார்களாம். ஓய்வுபெற்று, மகளோடு இருக்கக் கடல் தாண்டி இந்த ஹில்ஸ்பரோவுக்கு வந்தபோது உங்களுக்கு மிஞ்சிய நோயாளி ஒருத்திதான். சண்டைக்குத் தப்பி இங்கே வந்து சேர்ந்திருந்த நான்.

குட்டையான என் இடக்காலுக்குச் சப்பாத்துக்குள் வைக்கத் தக்கை வெட்டுவீர்கள், குசினி மேசையில். அக்கா விடுவாவா?

"மெல்பனில இடுப்பு மாத்தின கை, இங்க சப்பாத்துத் தைக்குது!"

"உம்மட தங்கச்சி ஓப்பரேசனுக்கு ஓமெண்டால் நான் ஏனப்பா தைக்கிறன்?"

"வெட்டினால் பிறகு எழும்புவனோ, அத்தான்?"

"எழும்பாட்டி வந்து என்னை உதையும்."

"எந்தக் காலால?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் தக்கை கோணலாக வெட்டுப்பட்டது.

பகிடிதான் விட்டேன். உள்ளுக்குள் ஒரே பயம். சின்ன வயதில் ஊரில் பிழையாகப் பொருத்திய இடுப்பு அல்லவா? இருக்கிற நடையும் போய்விட்டால்? நீங்கள் பக்கத்தில் நின்றால் படுக்கிறேன் என்று நாளைக் கடத்தினேன். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். தக்கையும் தேயத் தொடங்கியது. இனி யார் வெட்டித் தருவது?

அத்தான், இந்தக் குளிர்காலத்தில் ஓப்பரேசனுக்குப் படுத்துவிட்டேன். உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலிசில் செபித்தாள். எனக்கு விளங்கவில்லை, ஆண்டவருக்கு விளங்கியிருக்கிறது. எழும்பிவிட்டேன். இரண்டு காலும் இப்போது ஒரே அளவு. மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேசனில் தடியில்லாமல் நடந்ததை மகள் வீடியோ கசற்றில் பிடித்துவைத்திருக்கிறாள். அங்கிருந்து உங்களுக்குத் தெரிகிறதா? முகத்தை விடுங்கள், நடை எப்படி?

அந்தச் சப்பாத்தை எறியச் சொல்கிறார்கள். எறியமாட்டேன். வருடா வருடம் உங்கள் நினைவு நாளுக்கு அதைத்தான் போடுவேன். இது சத்தியம்.

போன ஞாயிறு முதலாம் வருட ஆராதனைக்கும் போட்டேன். ஆராதனை முடிந்து எழும்பியபோது, குட்டையில்லாத காலுக்குத் தக்கை கூடிப்போய், வலப்பக்கம் சாய்ந்து, பாதிரியாரின் மடியில் இருந்துவிட்டேன். அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது மற்றப் பக்கம் சாய்கிற,
உங்கள் மச்சாள் ராணி