கொய்யா எனக்குத் தெரியாதா

செப்டம்பர் 4, புதன்

காலையிலிருந்து தூறல். ஐந்தாம் வகுப்பை மலைமேல் எலிசியோவின் காட்டுக்குக் கூட்டிப் போனேன். வழியில் ஒரு ராட்சத ஆமை படுத்து நாங்கள் போன லாரியை அரை மணி நேரம் மறித்தது. எலிசியோ பூங்காக் காவலர். மாடு நுழையாமல் ஒரு துண்டு நிலத்தை வேலி போட்டுக் காத்து வருகிறார். வெளியிலிருந்து வந்து இந்தக் காலாபகஸ் தீவையே விழுங்கும் கொய்யாவைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே பிடுங்கிப் படிக்கட்டும் என்பது என் ஏற்பாடு. வேலிக்கு வெளியே மட்டும் என்று அவர் சொல்லியிருந்தார். உள்ளேயும் கன்றுகள் தெரிந்தன. விடுவானேன் என்று உள்ளேயும் இறக்கிவிட்டேன்.

நயெலி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், இந்த இலை வழவழன்னு இருக்கு. இது கொய்யா இல்ல."

"நான் கொய்யா மரத்துல ஏறி வளந்தவடி. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜாண்ட்ரி ஒருவனே ஒரு சாக்கு நிறையப் பிடுங்கினான். நல்ல நாள்.

செப்டம்பர் 5

எலிசியோ பள்ளிக்கே வந்துவிட்டார். கையில் வாடிய கன்று. கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"இது தீவுக் கொய்யா, மேடம். இந்தத் தீவுங்கள விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. பதினோரு வருஷமா வேலி போட்டு வச்சிருக்கேன். இந்த வருஷந்தான் கன்னு எழுந்துச்சு."

மறுபடி நட முடியாதா என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன்? வேரைத் துண்டாக்கி எறியக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

செப்டம்பர் 6

தலைமையாசிரியை: "பிள்ளைங்ககிட்ட எதுக்கு இதெல்லாம் சொல்லணும்? திங்கக்கிழமை கொய்யா புடுங்கினதுக்குச் சான்றிதழ் குடுக்கிறோம். வாய மூடிக்கிட்டு இருங்க."

மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 8

கடலுக்கு அந்தப் பக்கம் ஈக்வடாரின் லோஹாவிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து ஆறு வருடம். ஆறு வருடத்தில் ஒரு நாளாவது அந்த இலையைத் திருப்பிப் பார்த்தேனா? கொய்யா எனக்குத் தெரியாதா என்று பேசினேனே! வாய்க்கொழுப்பு — வேறென்ன.

செப்டம்பர் 9

சான்றிதழ் கொடுத்தாயிற்று. 'தீவின் காவலர்கள்' என்று கொட்டை எழுத்தில். இடைவேளை முடிந்து வந்தால் நயெலியுடையது என் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது. கூப்பிட்டு, ஏன் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். நீங்க சொன்னா சரிதான்."

இந்தப் பெண் இனி என்னிடம் எதுவும் சொல்லமாட்டாள். பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 10

சொல்லிவிட்டேன். எதைப் பிடுங்கினோம் என்று. நயெலி சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு என்று. ஜாண்ட்ரி எழுந்தான்.

"நான்தான டீச்சர் நெறைய புடுங்கினேன்?"

இல்லடா, நான்தான் என்றேன். அவன் நம்பவில்லை. நயெலி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 17

இனிமேல் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகக்கூடாதென்று உத்தரவு. எதிர்த்துப் பேச எனக்கு என்ன வாய் இருக்கிறது?

செப்டம்பர் 19

பள்ளிச் சுவரோரம் ஒரு கொய்யா முளைத்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த கொய்யாதான், சொரசொரவென்ற இலையைத் தடவிப் பார்த்துவிட்டேன். யாராவது பிடுங்குங்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை. ஜாண்ட்ரி கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். எனக்கும் கை வரவில்லை. அங்கேயே நிற்கிறது.

அக்டோபர் 2

கரும்பலகையில் இலை வரைந்து பாடம் நடத்தினேன். நயெலி கை தூக்கினாள். அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"டீச்சர், அந்த நரம்பு தப்பா இருக்கு."

எல்லாக் கண்ணும் என் முகத்தில்.

"எங்கேம்மா தப்பு?" என்று கேட்டேன்.

எழுந்து வந்தாள்.