நீலத் தார்ப்பாய்க்கு அடியில் நனையாத நெல்

அன்பு மகன் ரெமிஜியஸுக்கு அம்மா அமலோற்பவம் எழுதுவது. பூண்டி மாதா புண்ணியத்தில் இங்கே உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, மஸ்கட்டில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அப்பா பட்டியல் எழுதும் நெல் கொள்முதல் நிலையத்தில் இந்தக் குறுவைக்கு லாரியே ஒழுங்காக வரவில்லை, வாங்கிய மூட்டையெல்லாம் வெட்டவெளியில் அடுக்கடுக்காகக் கிடந்தது. மேலதிகாரி புதிதாக வாங்கி அனுப்பிய தார்ப்பாயைப் பிரித்தால் வெங்காயத்தோல் மாதிரி இருக்கிறது. அப்பா போன் பண்ணிச் சொன்னதற்கு, இருக்கறத வச்சுச் சமாளிங்க பெரியநாயகசாமி என்றுவிட்டாராம். ஐப்பசி மழை சமாளிக்க விடுமா, கொட்டித் தீர்த்தது. இவர் பதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து, போன லீவில் மாட்டுக்கொட்டகைக்கு நீ வாங்கிப் போட்ட நீலத் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு போய் ஓர் அடுக்கை மூடினார். அது மட்டும் பிழைத்தது. மற்றதெல்லாம் மூட்டைக்குள்ளேயே முளைவிட்டு நாறிப்போனது.

விசாரிக்க ஆள் வருகிறது என்றதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஜீப்பிலிருந்து இறங்கியவர் யார் தெரியுமா, தார்ப்பாயை வாங்கின அதே அதிகாரி! நனையாத அடுக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒழுங்கா மூடின எடத்துல நெல்லு நல்லாத்தானே இருக்கு, அப்ப மத்தது நனைஞ்சது உங்க அஜாக்கிரதைதானே என்றாராம். அது எங்க வீட்டுத் தார்ப்பாய் சார் என்று இவர் சொன்னது யார் காதில் ஏறியது? அஜாக்கிரதை என்று எழுதி நீட்ட, உன் அப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏங்க போட்டீங்க என்று கத்தினேன். சார் நின்னுக்கிட்டே இருந்தாங்க அமலு என்கிறார். கோயில் மணி அடித்தாலும் வந்துட்டேன் சார் என்று எழுந்திருக்கிற மனிதரை என்ன சொல்ல! எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள், இங்கே அம்புக்குத்தான் தண்டனை. இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தார்ப்பாயை வாங்கினவரை யார் கேட்பது? தொழிலாளர் சங்கத்தில் போய் அழுதேன், கையெழுத்துப் போட்டாச்சேக்கா என்று கையை விரித்துவிட்டார்கள். எனக்கு எந்தக் கதவைத் தட்டுவதென்றே தெரியவில்லையப்பா.

நீ லீவு போட்டு ஓடிவந்துவிடாதே, உன் வேலையாவது நிலைக்கட்டும். வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள். மாதா உன்னை ஒரு குறையும் இல்லாமல் காப்பாள். ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எப்போதும்போல அப்பாவிடம் வேலையைப் பற்றிக் கேள். நல்லபடியாப் போகுதுப்பா என்பார். சரிப்பா என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
அமலோற்பவம்