பாகற்காய்க்குப் போட்ட தையல்

ஹைதராபாத், ஷாலிபண்டா
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

என் கண்ணான ஷுஜாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரியாத் வெயிலில் நீ உடம்பு வாடாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் ஆண்டவன் மிச்சம் வைத்த கைகளை வைத்துக்கொண்டு நலமாகவே இருக்கிறோம். இதைப் படித்ததும் உனக்குப் பகீரென்று இருக்கும், பதறாதே, முழுவதும் படி. போன வாரம் முற்றத்தில் துணி அலசும்போது பாசியில் வழுக்கி விழுந்தேன், இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். எழுதுகிற கைக்கு ஒன்றும் இல்லை, எழுத்தைப் பார்த்தாலே தெரியும், எப்போதும் போலக் கோழிக் கிறுக்கல்தான். ரமலானுக்கு முன்னால் வந்த பக்கவாதத்தில் உன் அப்பாவுக்கு வலது கை போயிற்று, இப்போது எனக்கு இடது கை. ஆக வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஓர் ஆளுக்கு வேண்டிய கைகள் சரியாக இருக்கின்றன. பக்கத்து வீட்டு ஆடு சுவரேறி வந்து என் புதினாவைத் தின்றுவிட்டுப் போகிறது, அதை விரட்டத்தான் கை போதவில்லை.

அப்பாவுக்கு நடை வந்துவிட்டது, பேச்சும் தெளிந்துவிட்டது என்று உனக்கு எழுதியிருந்தேனே, அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நடை திரும்பியது, பேச்சு திரும்பியது, மனுஷன் திரும்பவில்லை. எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்று ஒரே வார்த்தை. பருப்பில் உப்பு இல்லையே என்றால் ஆகட்டும். சட்டைப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்டுவிட்டேனே என்றால் அதற்கும் ஆகட்டும். ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் ஷேர்வானியின் தோள்பட்டையைப் பார்த்து உச்சுக்கொட்டுகிற மனுஷன், மாறிப்போன பித்தானோடு நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். தையல் கடைக் கதவைத் திறக்கவே இல்லை. ஊசிப் பெட்டியை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடு, கண்ணில் படவேண்டாம் என்று ஒருநாள் சொன்னார், வைத்துவிட்டேன். அவர் கோபப்பட்டுப் பார்க்கமாட்டோமா என்று நான் ஏங்கிய நாட்கள் உண்டு. அந்தக் கோபத்தால் எத்தனை தடவை அழுதவள் நான்!

இப்படி இருக்கும்போதுதான் வெள்ளிக்கிழமை குல்பர்காவிலிருந்து உன் கௌசியா அத்தை வந்து இறங்கினார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், வாய்தான் மிளகாய், தம்பி என்றால் உயிர். என் கட்டைப் பார்த்தார், உன் அப்பாவின் கையைப் பார்த்தார், "ரெண்டு ஒத்தைக் கைய வெச்சுக்கிட்டு என்னடி குடும்பம் நடத்துவ? நான் இவன என்னோட கூட்டிட்டுப் போறேன். நீ வரங்கல்ல உன் மக வீட்டுல போய் இரு" என்றார். தையல் மெஷின் சும்மாதானே கிடக்கிறது, தன் மருமகன் எடுத்துக்கொள்ளட்டும், கடைச் சாவியைக் கட்டடத்தின் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று எல்லாவற்றையும் தேநீர் ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டார். சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு இங்கே, ஞாயிறு காலை பஸ். உன் அப்பா தன் அக்காவிடம் என்ன சொன்னார் என்று நினைக்கிறாய்? "ஆகட்டும் ஆப்பா." அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு ரமலானும் நாங்கள் பிரிந்து நோன்பு பிடித்ததில்லை. அவர் அதைச் சொன்னபோது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் வாயிலிருந்து வராத சொல்லை நான் எப்படிப் பிடுங்க முடியும், பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

போகிற சாப்பாடு நல்ல சாப்பாடாக இருக்கட்டும் என்று அத்தையே கேட்டது கைமா அடைத்த பாகற்காய். கசாப்புக்கடை மொஹ்சினிடம் ஆட்டுத் தொடைக்கறியைக் கத்தியாலேயே கொத்தி வாங்கி வந்தேன். நீயும் அங்கே மெஷினில் அரைத்ததை வாங்காதே ஷுஜா, சட்டியில் போட்டதும் கூழாகி ஒட்டிக்கொள்ளும், கறி என்று பல்லில் படவே படாது. பாகற்காயின் முள்ளைச் சுரண்டி, ஒரு பக்கம் மட்டும் கீறி, விதையை எடுத்து, உப்புத் தடவி வெயிலில் வைத்துப் பிழிந்து கழுவினேன். வெங்காயம், இஞ்சி பூண்டு, மல்லி, பச்சைமிளகாய் சேர்த்துக் கைமாவை வதக்கினேன், தண்ணீர் முழுக்க வற்றி எண்ணெய் பிரிந்து சட்டியில் படபடவென்று சத்தம் வருகிறவரை கிளறவேண்டும், அதற்கு முன்னால் இறக்கினால் கறி கவிச்சி அடிக்கும். குழம்புக்குத் தக்காளி, புளி, வறுத்த எள். கூட நாலு உருளைக்கிழங்கும் குடைமிளகாயும் நறுக்கிப் போட்டேன், கசப்பு பிடிக்காவிட்டால் தொட்டுக்கொள்ள. இவ்வளவையும் ஒரு கையால் செய்தேன் என்று பெருமை அடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அத்தை கட்டிலில் சாய்ந்துகொண்டு, "என் முழங்கால் மடங்காதுடி, வாய் மட்டும்தான் வேலை செய்யும், நீயே செய்" என்று சொல்லிவிட்டார்.

மாட்டிக்கொண்டது எங்கே என்றால், கைமாவைத் திணித்த பிறகு காயைச் சுற்றி நூல் கட்டவேண்டுமே, அங்கேதான். ஒரு கையால் கட்ட முடியுமா? அப்பாவைக் கூப்பிட்டு "இதக் கொஞ்சம் பிடிங்க" என்றேன். ஆகட்டும் என்று வந்து மணைமேல் உட்கார்ந்தார். நான் காயின் வாயை மூடிப் பிடிக்க, அவர் இடது கையால் நூலைச் சுற்றினார். சுற்றவேண்டும் என்றால் காயை உருட்டவேண்டும், பிடித்தால் உருளாது, விட்டால் வாயைப் பிளந்து கைமா மடியில் கொட்டுகிறது. இரண்டு காய் பாழ். மூன்றாவதைச் சுற்றும்போது நூல் என் விரலையும் சேர்த்துக் கட்டிவிட்டது. அத்தை கட்டிலிலிருந்தே, "பாத்தியா, நான் சொல்லல?" என்றார். அப்பா காயைக் கீழே வைத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அந்தக் கீறலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நுஸ்ரத், இது நூல் சுத்துற வேலை இல்ல. ஊசி கொண்டா" என்றார்.

நோயில் விழுந்த பிறகு அவராக ஒரு பொருளைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஓடினேன், நம்பு, மாவுக்கட்டோடு நாற்காலி மேல் ஏறிப் பெட்டியை எடுத்தேன். மெத்தை தைக்கிற ஊசியை எடுத்துக் கொடுத்துவிட்டு, இதில் ஒற்றைக் கையால் எப்படிக் கோப்பது என்று விழித்தேன். "மிச்சமிருக்கிற உருளைக்கிழங்குல குத்தி நிறுத்தேன்" என்றார், ஏதோ தினமும் செய்கிற வேலை மாதிரி. குத்தி நிறுத்தினேன், ஊசி அசையாமல் நின்றது, நூல் உள்ளே போயிற்று. செயலற்ற வலது முழங்கையை அப்படியே காயின் மேல் வைத்துப் பலகையோடு அழுத்திக்கொண்டார், நான் வாயைச் சேர்த்துப் பிடித்தேன், அவர் இடது கையால் ஊசியை எடுத்தார். முதல் குத்து என் விரலில். நான் மூச்சுக்கூட விடவில்லை, சத்தம் போட்டால் நிறுத்திவிடுவாரே என்ற பயம். அடுத்தது காயில் இறங்கியது. அதற்கடுத்ததும் இறங்கியது. பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை ஷுஜா, சுப்ஹானல்லாஹ், தோலுக்கு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்து, எறும்பு வரிசை மாதிரி ஒரே அளவாகத் தையல் ஓடுகிறது! ஜென்மத்தில் அந்தக் கை ஊசி பிடித்ததில்லை, துணியைத் தள்ளிக் கொடுத்தது மட்டும்தான் அதன் வேலை. அண்ணன் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே தொழில் படிக்கிற தம்பியைப் போல, இத்தனை வருஷமும் வலது கை செய்ததையெல்லாம் அது பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லாமல். எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. படைத்தவன் ஒரு கையை எடுத்துக்கொண்டான் என்றுதான் இதுவரை புலம்பினேன், இன்னொரு கைக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று திறந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது அதுவும் இல்லை, அதற்கப்புறம் நடந்தது. நாலைந்து காய் ஆயிற்று. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. "சீ, இது என்ன தையல்? நாய் கடிச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லி, நூலைப் பல்லால் கடித்து இழுத்து, முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டார். நான், "வயித்துக்குள்ள போறதுதானேங்க, இத யாரு பாக்கப் போறா?" என்றேன். அதற்கு அவர் என்னை முறைத்தார், அந்தப் பழைய முறைப்பு, கடையில் காஜா எடுக்கிறவர்கள் நடுங்குவார்களே அது. "நான் பாக்கறேன்ல?" என்றார். அவ்வளவுதான் மகனே. உப்பில்லாத பருப்பை ஆகட்டும் என்று தின்றவர், ஒரு பாகற்காயில் ஒரு தையல் கோணலாகப் போனதைப் பொறுக்கமாட்டேன் என்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, வெங்காயம் என்று சொல்லிவிட்டேன், வெங்காயம் எப்போதோ சட்டிக்குள் போய்விட்டது.

அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். "ஏன்டா தம்பி, பாகக்காய்க்கு ஷேர்வானியா தைக்கிற? அப்படியே பட்டனும் வெச்சிடு" என்றார். அப்பா தலை நிமிராமல், "பட்டன் உனக்கு ஆப்பா, வாய்க்கு வெக்கறேன்" என்றார். அத்தை சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது, சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பாதிக்கு மேல் தைத்த பிறகுதான் அப்பாவுக்கே ஞாபகம் வந்தது, இதைச் சாப்பிடும்போது பிரிக்கவேண்டுமே! பழக்கத்தில் ஆயுசுக்கும் பிரியாத தையலாகப் போட்டுவிட்டார். மீதிக் காய்களுக்கு மட்டும், ஷேர்வானிக்கு முதலில் அளவு பார்க்க ஓட்டுவாரே, இழுத்தால் வந்துவிடுகிற கச்சாத் தையல், அதைப் போட்டார்.

சாப்பிட உட்கார்ந்ததும் அத்தையின் தட்டில் விழுந்தது எது என்று நினைக்கிறாய், முதலில் தைத்ததுதான். நூலின் நுனியைத் தேடுகிறார், தேடுகிறார், கிடைக்கவே இல்லை. "அடியே, கறி சாப்பிடக் கத்தரிக்கோல் கேக்கற வீடு இது ஒண்ணுதான்" என்று திட்டிக்கொண்டே பல்லால் கடித்து இழுத்தார். அப்பா தன் தட்டிலிருந்ததை அவர் பக்கம் நகர்த்தினார். மற்றவர்கள் முன்னால் இடது கையால் சாப்பிடுவதா என்று யாரோடும் உட்காராமலே இருந்தவர், அந்தக் கையை நீட்டி, ஒரு நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தார். நூல் முழுசும் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. காய் தானாக வாயைத் திறந்து, ஆவியும் கைமாவின் வாசனையும் மேலே வந்தன. அத்தை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "காலையில வெள்ளனே பஸ். துணியெல்லாம் எடுத்து வெச்சியா?" என்று கேட்டார். நான் தட்டைப் பார்த்தேன். அந்த ஒற்றை வார்த்தை வந்துவிடுமோ என்று எனக்கு உயிரே இல்லை. அப்பா மென்று விழுங்கிவிட்டு, "நான் வரல ஆப்பா. எனக்கு இங்க வேலை இருக்கு" என்றார். "என்ன வேலை? பாகக்காய் தைக்கிற வேலையா?" "ஆமா. உன் மருமகனுக்கு அதுகூடத் தெரியாது, மெஷின் கேக்கறான்." அத்தை தட்டை என் பக்கம் நீட்டி இன்னொரு காய் கேட்டார், பிரியாத தையல் போட்டதாகப் பார்த்துப் போடு என்றார்.

இன்று காலை அத்தை தனியாகத்தான் பஸ் ஏறினார். போகும்போது என் கன்னத்தைக் கிள்ளி, "அவன் திட்டினா எனக்கு எழுது" என்றார். கட்டாயம் எழுதுவேன் என்றேன். நீயும் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அதெல்லாம் வேண்டாம், விடுப்புக் கிடைக்கும்போது வா. அப்பா பழையபடி ஆகிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது, தைத்த கை ராத்திரி முழுக்க வலித்தது, எண்ணெய் தேய்த்துவிட்டேன். வெந்தயமும் பெருங்காயமும் அந்தப் பக்கம் வருகிறவர் யாராவது இருந்தால் கொடுத்தனுப்புகிறேன். குளிர்ந்த தண்ணீரை வெயிலில் வந்ததும் குடிக்காதே. தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான ரொட்டியும் நல்ல பெண்ணும் கொடுக்கட்டும், உன் இரண்டு கைகளையும் பத்திரமாக வைக்கட்டும்.

முக்கியமானது ஒன்று, மறந்துவிடாதே. நீ அனுப்பிய போட்டோவை மத்தியானம் அப்பா வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிள்ளை இளைத்திருக்கிறானா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். "இந்தச் சட்டைய எவன் வெட்டினான்? தோள் முழங்கை வரைக்கும் தொங்குது" என்றார். உன் அளவு வேண்டுமாம். கழுத்து, தோள், மார்பு, கை நீளம். நீயே எடுத்தால் தப்பாக வரும், நேராக நின்றுகொண்டு வேறு யாரையாவது எடுக்கச் சொல் என்கிறார். பெட்டியிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக் கடை மேஜையில் விரித்து, சாக்கட்டியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். கடிதம் ரியாத் போய்ச் சேரவேண்டும், அங்கிருந்து பதில் வரவேண்டும், ஒரு மாதம் ஆகுமே, வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். வரட்டும், காத்திருக்கிறேன் என்கிறார். சீக்கிரம் எழுது மகனே, கடைக் கதவு திறந்தே இருக்கிறது.

ஒவ்வொரு தொழுகையிலும் உன் பெயரைச் சொல்லி துஆ செய்கிற,
உன் அம்மி
நுஸ்ரத்