முந்தின நாள் சாயங்காலம்

அன்புள்ள ஊசித்தம்பிக்கு, உன் அண்ணன் எழுதிக்கொள்வது.

கோணல்மாணலான எழுத்துக்கு மன்னித்துக்கொள். தாளில் கோடு இருக்கிறது, ஆனாலும் என் எழுத்துகள் கோட்டைத் தாண்டி மேயப் போய்விடுகின்றன. இது நானே என் கையால் எழுதுவது! எழுபத்தோரு வயதில், எட்டு மாதமாக மருமகளிடம் படித்தேன். இப்போது பஸ் பலகை, மருந்துப் பெட்டி, சோப்பு உறை எதையும் விடுவதில்லை. நேற்று தீவன மூட்டையை உரக்கப் படித்தேன். செவலைப் பசு மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"இத்தனை நாள் உங்க கடிதாசியெல்லாம் நான்தானே எழுதினேன், இப்ப என்ன மாமா ரகசியம்?" என்று மருமகள் கிண்டல் செய்கிறாள். ரகசியம்தான். அவளிடம் சொல்லி எழுத வைக்க எனக்கு வாய் வரவில்லை. அதற்காகவே படித்தேன்.

முதலில் நல்ல சேதி. செவலை சினை. மூன்று மாதம் ஆகிவிட்டது, உன் இடத்துக்கு வந்திருக்கும் புது ஊசிக்காரர் கையை விட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்லிவிட்டார். ஒரே சினை ஊசிதான், பிடித்துவிட்டது. "எப்ப சினைக்குக் கத்த ஆரம்பிச்சுது பெரியவரே?" என்று ஊசி போட்ட அன்று விடிகாலையில் போனில் கேட்டார். "நேத்து சாயங்காலம்" என்றேன். காலை ஏழு மணிக்கு வந்தார், ஏழேகாலுக்குப் போய்விட்டார். ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். போன வருஷம் உன்னிடம் மூன்று தடவை பொய் சொன்னேன். மூன்று தடவையும் செவலை கத்தத் தொடங்கியது முந்தின நாள் சாயங்காலம். உன்னிடம் "இன்னிக்குக் காலையிலதான்" என்றேன்.

சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை ஊசி, காலையில் கத்தினால் அன்று சாயங்காலம் ஊசி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். காலை ஊசி என்றால் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவாய். அதற்கு முன் ஒரு தடவை செவலை உண்மையிலேயே காலையில் கத்தியது. உன் வீடு இரண்டு பஸ் தூரம். போய்விட்டுத் திரும்ப முடியாது என்று, அக்கம்பக்கத்து மாடுகளை முடித்துவிட்டு வந்து பொழுது சாயும் வரை தொழுவத்திலேயே இருந்தாய். கவிழ்த்த வாளிகளின் மேல் உட்கார்ந்து சீட்டு ஆடினோம். நீ கள்ளாட்டம் ஆடினாய், நான் கண்டுகொள்ளவில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க நான் பேசுவதற்கு மாடு மட்டும்தான் என்று உனக்குத் தெரியும். அந்த ஒரு நாள் எனக்குப் போதவில்லை தம்பி, அதற்குத்தான் அந்தப் பொய்.

ஊசி பிடிக்காமல் மூன்று வாரம் கழித்துச் செவலை மறுபடி கத்தும்போது, வருத்தப்படுவதுபோல நடித்தேன். உள்ளுக்குள் சந்தோஷம். நீ வருவாயே!

மூன்றாம் தடவை உனக்குச் சந்தேகம் வந்தது. "மாட்டுக்குப் பின்னாடி வர்ற ஒழுக்கு கண்ணாடி மாதிரி இல்லண்ணே, கலங்கியிருக்கு. நேத்தே ஆரம்பிச்சிருக்குமோ?" என்று கேட்டாய். "முதல்ல உன் கண்ணாடியைத் துடை" என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். உன் கண் கண்டதை விட்டுவிட்டு என் வாய் சொன்னதை நம்பினாய்.

அதுவும் பிடிக்கவில்லை. எங்கள் குழாயடியில் கையைக் கழுவிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். "கை போயிடுச்சுண்ணே" என்றாய். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து, "சாப்பிட்டுட்டுப் போ" என்றுதான் சொன்னேன். இன்னும் நான்கு வருஷம் இருந்த வேலையை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாய்.

தம்பி, உன் கை போகவில்லை. நேரம் கடந்தபின் யார் போட்டாலும் பிடித்திருக்காது. அந்த நேரத்தை மறைத்தவன் நான். மகளிடமும் மருமகனிடமும் இதைப் படித்துக் காட்டு. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது, நானே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். முடிந்தால் ஒருநாள் வா. ஊசி, குடுவை எதுவும் வேண்டாம், வெறுங்கையோடு வா. காலையில் வந்தால் சாயங்காலம் போகலாம்.

இதை எழுத நான்கு நாள் ஆயிற்று, விரல் வலிக்கிறது. பதில் போட உனக்கு மனம் வராவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுவேன். நீ படித்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்