புரிஞ்சுதுங்களா?

2003 பிப்ரவரி 12, புதன். கொல்லிமலை.

பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரண்டது இன்னும் அடங்கவில்லை. கல்லூரி ஆசிரியர்களுக்கான புத்தாக்கப் பயிற்சியை மலைமேல் வைக்க யாருக்குத்தான் தோன்றியதோ.

இன்று கம்ப்யூட்டரில் பாடம் தயாரிப்பது. சொல்லிக்கொடுத்தது ஒரு சின்னப் பெண். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு "புரிஞ்சுதுங்களா?" என்றாள். எல்லோரும் தலையாட்டி, "புரிஞ்சுதுங்க" என்றோம். மதியம் என்னை அழைத்துச் செய்துகாட்டச் சொன்னாள். மௌசைப் பிடித்தபடி நின்றேன். அம்புக்குறி திரையில் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது.

டீ குடிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராசிபுரத்து வரலாற்று ஆசிரியர், "எனக்கும் ஒண்ணும் புரியலீங்க சார்" என்றார்.

"அப்புறம் ஏனுங்க தலையாட்டினீங்க?"

"பாவம், காத்தாலருந்து தொண்டை வத்தக் கத்துது அந்தப் புள்ள. புரியலைன்னா அதுக்குச் சங்கடமா இருக்காதுங்களா?"

நானும் அதற்காகத்தான் ஆட்டினேன்.

திங்கட்கிழமை எனக்கு வகுப்பு இருக்கிறது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் இதையேதான் கேட்டு வருகிறேன். எல்லோரும் ஒரே குரலில் "புரிஞ்சுதுங்க சார்" என்பார்கள்.

நல்ல பிள்ளைகள். பாவம் பார்க்கத் தெரிந்தவர்கள்.